அழுகிற முகத்தைத் தொட்டவர்கள்

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், கடைக்காரர் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். கச்சிராயபாளையம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு உண்டு. ஆலையில் எடை போடும் நாளில் என்னைக் கூட்டிப்போக என் வீட்டுக்காரருக்குப் பயம். நான் போனால் எடை போடுகிறவரோடு சண்டை நிச்சயம் என்பார். நான் தப்பிப்போய்க் கரும்புக்காரர் வீட்டில் பிறந்துவிட்டேனாம், போலீஸ்காரர் வீட்டில் பிறந்திருக்க வேண்டுமாம்.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை, கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நூலகர் வேலை. நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். இப்போதெல்லாம் மாணவர்கள் புத்தகத்தைத் தொடுவதே பரீட்சை நெருங்கும்போதுதான். என் உண்மையான வேலை அளப்பது. எங்கள் டாக்டர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார்கள். அது ஏதாவது ஒரு இதழில் வரும். உலகத்தில் வேறு எவராவது கட்டுரை எழுதும்போது, இன்னார் இப்படிக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அதைச் சுட்டிக்காட்டினால், அது ஒரு மேற்கோள். யாருக்கு எத்தனை மேற்கோள், எந்தெந்த நாட்டிலிருந்து என்று கணினியில் தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டுக் கொடுப்பேன். பதவி உயர்வுக்கு அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எண்ணுக்குத்தான் மரியாதை என்று ஆகிவிட்டால் எண் எப்படி ஏறும் என்று சொல்லவா வேண்டும்? நம் ஆட்கள் மொய் வைத்துப் பழகியவர்கள். உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வைத்தால் என் வீட்டுக் காதுகுத்துக்கு நீ வைக்க வேண்டும். கட்டுரையிலும் அதே கதைதான். காது டாக்டரின் கட்டுரையில் தோல் டாக்டரின் கட்டுரை மேற்கோளாக வந்து உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் தோல் டாக்டர் திருப்பிச் செய்வார். காதுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், காதிலும் தோல் இருக்கிறதே என்று ஒருவர் சிரிக்காமல் சொன்னார். காசு கொடுத்தால் மேற்கோள் ஏற்றித் தருகிறோம் என்று எனக்கே மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் இதில் மொய் எவ்வளவு என்றுதான் எனக்குத் தோன்றும்.

சமூக மருத்துவத் துறையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். யாரோடும் ஒட்டமாட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தன் மேசையிலேயே திறப்பார். பக்கத்தில் யார் நின்றாலும் ஒரு வாய் எடுத்துக்கோங்க என்று வாய் வார்த்தைக்குக்கூடச் சொல்லமாட்டார். அப்படி இருப்பவருக்கு யார் மொய் வைக்கப்போகிறார்கள்? ஆனால் அவருடைய கட்டுரை ஒன்று, மழை பெய்த மறுநாள் கீரைப்பாத்தி போல, கிடுகிடுவென்று ஏற ஆரம்பித்தது. எங்கள் கல்லூரியில் வேறு எந்தக் கட்டுரையும் அந்த உயரத்துக்குப் போனதில்லை.

அது கல்வராயன் மலைப் பெண்களின் முழங்கால் வலி பற்றிய கட்டுரை. சின்ன வயதிலிருந்து விறகும் கிழங்கும் தலையில் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவர்களுக்கு நாற்பதிலேயே மூட்டு போய்விடுகிறது. ஓர் அறக்கட்டளை வாரம் ஒரு நாள் மலைக்கு வண்டி அனுப்பியது. அதில் ஒரு பயிற்சியாளர் போய், பெண்களை உட்கார வைத்து, காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுப்பார். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார், முட்டிக்கு உறை மாட்டிவிடுவார். இதனால் வலி குறைகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் டாக்டரின் ஆராய்ச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பதில் சொல்லட்டும் என்று ஓர் அட்டை வைத்திருந்தார். அட்டையில் வரிசையாக முகங்கள் இருக்கும். ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறு கோடியில் கண்ணீர் விட்டு அழுகிற முகம். உங்கள் வலி எந்த முகம் என்று கேட்டால் அவர்கள் தொட்டுக் காட்ட வேண்டும். பல மாதம் பயிற்சி எடுத்த பிறகும் பெண்கள் அழுகிற முகத்தையே தொட்டார்கள். ஆக, இந்த மாதிரி முகாமால் பலனில்லை என்று கட்டுரை முடிந்தது.

அந்த வருடம் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. டாக்டரின் பெயர் மேலே போக வேண்டிய நேரத்தில் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டார். இந்த அம்மாவுக்கு எப்படி இவ்வளவு மேற்கோள், ஏதாவது கோல்மால் இருக்கப்போகிறது, நல்லா நோண்டிப் பாருங்க என்றார். மொய் வைத்தே பேராசிரியரானவர்கள் பக்கத்து அறைகளில் உட்கார்ந்திருக்க, தனியாகச் சாப்பிடும் ஒருத்தியை மட்டும் நோண்டச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எலி அம்மணமாக ஓடினால் சும்மா ஓடாது என்பது என் கட்சி. நோண்ட உட்கார்ந்தேன்.

மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, எழுதினவர் யார், எங்கள் டாக்டருக்கு என்ன உறவு என்று பார்த்தேன். ஓர் உறவும் இல்லை. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவர்களைத் தெரியாது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திருடனைப் பிடிக்கக் கதவிடுக்கில் காத்திருந்து, பூனை வந்த மாதிரி.

விடாமல் மேலும் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கட்டுரையில், "கடலோர மலைப்பகுதியான கல்வராயனில்" என்று எழுதியிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஏது கடல்? மீன் வேண்டுமென்றால் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வர வேண்டும். எங்கள் டாக்டரின் கட்டுரையில் கடல் என்கிற சொல்லே கிடையாது. அடுத்த கட்டுரையைத் திறந்தேன், அதிலும் கடலோர மலை. அதற்கடுத்ததிலும் அலை அடித்தது. முதலில் எழுதினவர் எங்கோ தப்பாக எழுதிவிட, பின்னால் வந்தவர்கள் மூலக் கட்டுரையைத் திறக்காமலே அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முகாமால் பலனில்லை என்கிற ஒரு வரியை ஆளாளுக்குக் கை மாற்றி விட்டிருக்கிறார்கள். நான் போடும் எண்ணில் இவர்கள் எல்லோரும் கட்டுரையைப் படித்தவர்களாகவே கணக்காகிறார்கள்.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சிக் கட்டுரை அல்லாத ஒன்றும் வந்து விழுந்தது. மலைக்கு வண்டி அனுப்பிய அதே அறக்கட்டளையின் ஆண்டறிக்கை. உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் ஆய்வொன்று இந்த முகாம்களால் பலனில்லை என்று நிறுவியிருப்பதால், மலை முகாம்களை நிறுத்துகிறோம் என்று போட்டிருந்தது. படித்ததும் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. வண்டியை நிறுத்த அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது, இந்த அம்மாள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கூட்டு இங்கேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் நோண்டுவது எப்படியோ டாக்டரின் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாளே நூலகத்துக்கு வந்து, உட்காராமல், என்ன தேடுகிறீர்கள் என்று நேராகக் கேட்டார். நானும் மழுப்பவில்லை. ஆண்டறிக்கையைத் திரையில் காட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"வண்டி நின்னுடுச்சா?" என்றார்.

தெரியாத மாதிரி நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுதியதை வைத்துத்தானே நிறுத்தியிருக்கிறார்கள், உங்களிடம் சொல்லாமலா செய்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன், நம்பிக்கையில்லையென்றால் நீங்களும் கூட வாருங்கள் என்றார். நம்பிக்கையில்லை என்றுதான் நானும் கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறியது. அவர் ஜன்னலோரம், நான் அடுத்த சீட்டில். வளைவுகளில் அவருக்குக் குமட்டியது. வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முகர்ந்தார். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் கூடப்பிறந்தவளைப் பார்த்த மாதிரியும் இருந்தது. வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளிக் கொல்லைகளின் ஓரமாக நடந்து அந்தச் சிற்றூருக்குப் போனோம்.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில் ஓர் அம்மாள் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். முகாமுக்குப் பெண்களைக் கூப்பிட்டு வந்தது அவர்தானாம். டாக்டரை அடையாளம் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் வாசற்காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பார்க்கிற எனக்கே முட்டி வலித்தது.

வண்டியைப் பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன். நின்றுபோய் வருடம் ஆகப்போகிறது என்றார். ஏன் நின்றது என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. வண்டி வந்தபோது வலி எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆலையில் நான் கேள்வி கேட்டால் எடை போடுகிறவர் என் வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை அது. ஏதோ ஒளிகிறது என்று பிடித்துக்கொண்டு, டாக்டரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை, கரும்புக்காரர் வீட்டுப் பெண் என்றும் சொன்னேன்.

"வண்டி வந்தப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு. வலி ரொம்ப கம்மி. தாவாரத்துல உக்காந்து எழுந்திரிப்பேன், ஒன்னும் புடிக்கத் தேவையில்ல."

அப்படியானால் எதற்கு அழுகிற முகத்தைத் தொட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கிழங்குத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"இன்னாங்க இப்படிக் கேக்கறீங்க? நல்லாயிடுச்சுன்னா அப்பால எதுக்கு வரப்போறாங்க? இதுக்கு முன்ன கண்ணு வண்டி வந்துச்சு. நல்லாத் தெரியுதான்னு கேட்டாங்க, தெரியுதுன்னோம். அதோட சரி, திரும்பியே பாக்கல. அதான் நாங்க எல்லாரும் பேசி வெச்சிக்கினோம். யாரு வந்து கேட்டாலும் அழுவுற மூஞ்சியத்தான் தொடணும்னு."

பயிற்சியை வீட்டிலேயே செய்யலாமே என்றேன். அதற்கு அவர் சிரித்தார். வண்டி வந்தால்தான் வீட்டார் உட்கார விடுவார்களாம். டாக்டர் வண்டி வந்திருக்கிறது என்றால் மாமியாரும் ஒன்றும் சொல்ல முடியாது, புருஷனும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஒரு பொழுது ஊர்ப் பெண்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். வண்டி இல்லாமல் ஒருத்தி பட்டப்பகலில் காலை நீட்டி உட்கார்ந்தால் அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். அதனால் பயிற்சியும் போச்சு, வலியும் திரும்பி வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். டாக்டர் நான் தள்ளி நிற்கச் சொன்ன இடத்தில் இல்லை. எப்போது வந்தாரோ, என் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் என் சந்தேகம் முழுசாகத் தோற்றுப்போனது அங்கேதான், தோற்றதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

இறங்கும்போது பஸ்ஸில் அவர் பேசினார். "கேட்டதுல தப்பு இல்ல மேடம். எல்லாத்தையும் முறைப்படிதான் கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார். பஸ் அடிவாரத்து அணைக்கட்டைத் தாண்டுகிறபோது எலுமிச்சம்பழத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். முதல்வருக்குக் கொடுக்கும் அறிக்கையில் நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்கவே இல்லை.

கோல்மால் எதுவும் இல்லை, எல்லா மேற்கோளும் வெளியாட்கள் போட்டது என்று உள்ளதை எழுதிக் கொடுத்தேன். மலையில் கேட்டது என் அறிக்கையில் வரவேண்டிய சங்கதி இல்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லமாட்டார் என்றும் நினைத்தேன். பதவி வாசலில் நிற்கிறது, யார்தான் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள்? ஆனால் அவர் இதழுக்கு எழுதிவிட்டார். பதில் சொன்ன பெண்கள் பதிலை முன்கூட்டிப் பேசிவைத்திருந்தார்கள், இந்த முடிவை நம்ப வேண்டாம் என்று. இதழ்காரர்கள் பல மாதம் யோசித்து, கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பு போட்டார்கள்.

முதல்வர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், இதனால் எண் குறையுமா? குறையாது என்றேன். மேற்கோள் ஏறினது ஏறினதுதான். அப்படியென்றால் பரவாயில்லை என்று டாக்டரைப் பேராசிரியராக்கிவிட்டார். துறையில் லட்டு கொடுத்தார்கள். டாக்டர் தன் பங்கு லட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கட்டுரை ஏறுவது நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது எங்கே நின்றது? தலையில் குறிப்பு இருக்கிறது, திறந்தால்தானே குறிப்பு தெரியும். திறக்காமல் மேற்கோள் காட்டுகிறவர்கள் காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். போன வாரம்கூடப் புதிதாக ஒன்று வந்தது. அதிலும் கல்வராயன் மலை கடலோரத்தில்தான் இருக்கிறது. காலையில் கணினியைத் திறந்ததும் அந்த எண்ணைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏறியிருந்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும், காபி இறங்காது.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. அறக்கட்டளைக்கு நடையாய் நடந்தார். அவர்கள், உங்கள் வார்த்தையைக் கேட்டுத்தானே நிறுத்தினோம், இப்போது நீங்களே மாற்றிப் பேசினால் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது, என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கடைசியில் கொஞ்ச காலத்துக்கு மட்டும் வண்டி அனுப்புகிறோம், மறுபடி ஆய்வு செய்யுங்கள், பலன் உண்டென்று தெரிந்தால் தொடர்ந்து அனுப்புவதைப் பற்றி யோசிக்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். வண்டி மலையேறியது. பெண்கள் மறுபடி தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அந்தக் கொஞ்ச காலம் முடிந்ததும் கேட்கப் போக வேண்டிய நாள் வந்தது. என்னிடம் சொல்லமாட்டார்கள், நீங்கள் கேளுங்கள் என்று டாக்டர் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த எதிர் வீட்டு அம்மாளைத்தான் முதலில் கூப்பிட்டேன். எதையும் பிடிக்காமல் நடந்து வந்து, கையை ஊன்றாமல் உட்கார்ந்தார். என் கண் அவர் முட்டியில்தான் இருந்தது. அட்டையை நீட்டி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் உள்ளதைத் தொடுங்கள் என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போன தரம் அழுவுற மூஞ்சியத் தொட்டோம், பலன் இல்லன்னு நிறுத்திட்டாங்க. இப்ப சிரிக்கிற மூஞ்சியத் தொட்டா, நல்லாயிட்டீங்களே, இன்னும் எதுக்குன்னு நிறுத்திடுவாங்க. எதத் தொட்டா வண்டி வரும்? நீயே சொல்லிடும்மா, எல்லாரும் அதையே தொடறோம்."

சிரிக்கிறதைத் தொடுங்கள், வண்டி வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். வரும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாளின் விரல் அட்டைக்கு மேலே, எந்த முகத்தின் மீதும் படாமல், என் வாயிலிருந்து வரப்போகும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது.